கிளைக்கதையைத் தீர்மானிப்பவர் யார்? ஸ்பைடர்-வெர்ஸ் திரைப்படங்களும் ரசிகர் உரையாடலும்

வினாவும் அதன் எல்லையும்

ஒரு கதையின் துணை மாந்தர் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடும்போது அவருக்கெனத் தனிக்கதை வேண்டுமா, வேண்டுமெனில் அதை முடிவு செய்யும் உரிமை படைத்தவருக்கா, பதிப்புரிமை பெற்றவருக்கா, விரும்பிப் படிப்பவருக்கா என்ற வினா, இதழ்களில் தொடர்கதைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பல வடிவங்களில் கேட்கப்பட்டு வருகிறது. அவ்வினா இன்று கூர்மையாக எழும் களங்களுள் ஒன்று சூப்பர் ஹீரோ அனிமேஷன் திரைப்படம். அதிலும் சோனி நிறுவனம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்', 2023 ஜூனில் வெளியிட்ட 'ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' ஆகிய இரு படங்களைச் சுற்றி எழுந்த விவாதம், இவ்வினாவின் ஏறத்தாழ எல்லாப் பக்கங்களையும் ஒரே இடத்தில் காணத் தருகிறது.

இதற்குக் காரணம் அப்படங்களின் கதையமைப்பிலேயே இருக்கிறது. எண்ணற்ற இணை உலகங்கள் உள்ளன என்பதும், ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு சிலந்தி வீரர் உண்டு என்பதும் அக்கதையின் அடிப்படைக் கற்பனை. புரூக்ளினில் வாழும் மைல்ஸ் மொராலஸ் என்ற இளைஞனே நாயகன் என்றாலும், அவனோடு திரையில் தோன்றும் குவென் ஸ்டேசி, 1930களின் கறுப்பு வெள்ளை உலகத்தைச் சேர்ந்த ஸ்பைடர்-மேன் நுவார், பெனி பார்க்கர், பன்றி உருவம் கொண்ட ஸ்பைடர்-ஹாம் ஆகிய ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உலகத்தையும் ஒரு முன்கதையையும் ஓர் ஓவியப் பாணியையும் உடன் கொண்டு வருகின்றனர். எனவே படம் பார்த்த ஒருவர் துணை மாந்தர் எவரைப் பற்றிப் பேசினாலும் அப்பேச்சு இன்னும் எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றிய பேச்சாக எளிதில் மாறிவிடுகிறது.

முதற்படத்தின் நிகழ்வுகளை அதே நாயகனோடு மேலே கொண்டுசெல்வது தொடர்படம். முதற்படத்தின் உலகத்திலிருந்து வேறொரு மாந்தரைப் பிரித்தெடுத்து, அவரை மையமாக வைத்து எழுப்பப்படுவது, ஸ்பின்-ஆஃப் என்று திரைத்துறையினர் வழங்கும் கிளைப்படம். இக்கட்டுரை கிளைப்படத்தை மட்டுமே கருத்தில் கொள்கிறது. அது உருவாவதிலோ உருவாகாமல் போவதிலோ ரசிகர்களின் உரையாடலுக்கு என்ன பங்கு உண்டு என்பது பற்றி முன்வைக்கப்பட்டுள்ள முதன்மையான நிலைப்பாடுகளையும், அவற்றின் தோற்றத்தையும், அவை விட்டுவைக்கும் இடைவெளிகளையும் வரிசையாக ஆராய்வதே இதன் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

ரசிகரின் விருப்பம் கதையின் போக்கை மாற்றியதற்கு மிகுதியாகச் சுட்டப்படும் முன்னுதாரணம் ஷெர்லாக் ஹோம்ஸ். ஆர்தர் கோனன் டாயில் 1893இல் தம் துப்பறிவாளரை ஒரு கதையில் இறக்கச் செய்தார். வாசகர்கள் கண்டனக் கடிதங்கள் எழுதினர். 1903இல் ஹோம்ஸ் உயிர் பிழைத்திருந்ததாக எழுதி அவரை மீட்டுக்கொண்டுவந்தார். இதனை வாசகரின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். ஆயினும் இடையில் பத்தாண்டுகள் கடந்தன என்பதையும், மீட்சிக்கு இதழ்கள் தர முன்வந்த பெருந்தொகை ஒரு காரணமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, வாசகரின் விருப்பம் நேரடியாகச் செயல்பட்டதா, சந்தையின் வழியாகச் செயல்பட்டதா என்ற ஐயம் அப்போதே தோன்றிவிட்டது எனலாம்.

அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்படவிருந்தபோது ரசிகர்கள் நடத்திய கடித இயக்கத்தைத் தொடர்ந்து 1968இல் அதற்கு மூன்றாம் பருவம் கிடைத்தது. ஆனால் பார்வையாளர் குறைவாக இருக்கும் வெள்ளிக்கிழமை இரவுக்கு ஒளிபரப்பு மாற்றப்பட்டு, 1969இல் தொடர் முடிவுக்கு வந்தது. 1988இல் டிசி காமிக்ஸ் நிறுவனம் பேட்மேனின் துணைவனான ராபின், அதாவது ஜேசன் டாட், உயிரோடு இருக்க வேண்டுமா என்று கட்டணத் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. இறக்க வேண்டும் என்று 5,343 அழைப்புகளும் இருக்க வேண்டும் என்று 5,271 அழைப்புகளும் வந்தன. 72 அழைப்புகளின் வேறுபாட்டில் அப்பாத்திரம் கொல்லப்பட்டது. ஒருவரே பலமுறை அழைத்திருக்கக்கூடும் என்ற ஐயமும் பின்னர் எழுந்தது. ரசிகரின் குரலை எண்ணிப் பார்ப்பதிலுள்ள சிக்கலுக்கு இதுவே தொடக்ககாலச் சான்று.

அனிமேஷனிலிருந்து கிளைத்த மாந்தருக்கு ஹார்லி குவின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. பால் டினியும் புரூஸ் டிம்மும் 1992இல் பேட்மேன் அனிமேஷன் தொடரில் ஒரே ஒரு கதைக்கான துணைப் பாத்திரமாகவே அவளை அறிமுகப்படுத்தினர். பார்வையாளரிடம் கிடைத்த வரவேற்பால் அவள் தொடரில் மீண்டும் மீண்டும் தோன்றினாள். பிறகு காமிக்ஸ் உலகத்துக்குள் நுழைந்து தனி இதழ் பெற்றாள். 2019இல் அவள் பெயரிலேயே ஓர் அனிமேஷன் தொடர் தொடங்கியது. கதையுலகின் விளிம்பில் நின்ற ஒருத்தி மையத்துக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது, ரசிகர் விருப்பம் எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

முதல் நிலைப்பாடு: விருப்பமே உற்பத்திப் பொருள்

தியோடர் அடோர்னோவும் மாக்ஸ் ஹோர்க்ஹைமரும் 1940களில் எழுதிய 'அறிவொளியின் இயங்கியல்' என்ற நூலில் பண்பாட்டுத் தொழில் என்ற கருத்தை முன்வைத்தனர். திரைப்படமும் வானொலியும் இதழும் தொழிற்சாலைப் பொருள்களைப் போன்றே ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன என்பதும், நுகர்வோர் தாமே தேர்ந்தெடுப்பதாக எண்ணும் விருப்பங்களும் அத்தொழிலால் முன்கூட்டியே வடிவமைக்கப்பட்டவை என்பதும் அவர்களுடைய வாதத்தின் சாரம். இவ்வாதத்தைப் பின்பற்றுவோர், ஸ்பைடர்-வெர்ஸ் பற்றிய கிளைப்பட எதிர்பார்ப்பும் திட்டமிட்டு விதைக்கப்பட்டதே என்பர்.

இவர்களுக்குச் சாதகமான சான்று இல்லாமல் இல்லை. முதற்படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 2018 நவம்பரில், அதன் தொடர்படமும் பெண் சிலந்தி வீரர்களை மையமாகக் கொண்ட ஒரு கிளைப்படமும் உருவாக்கத்தில் இருப்பதாகச் செய்தி வெளியானது. படத்தையே பார்த்திராத மக்கள் கிளைப்படத்தைக் கேட்டிருக்க முடியாது. அவ்வகையில் கிளைப்படம் என்ற எண்ணம் நிறுவனத்திடமிருந்து புறப்பட்டு ரசிகரிடம் வந்து சேர்ந்தது என்று கொள்ள இடமுண்டு. 1999இல் சோனி ஸ்பைடர்-மேனின் திரைப்பட உரிமையைப் பெற்றதும், ஒரே பாத்திரக் குடும்பத்திலிருந்து இயன்ற அளவு படங்களை உருவாக்க வேண்டிய வணிகத் தேவை அதற்கு இருப்பதும் இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்க்கின்றன.

ஆயினும் இந்நிலைப்பாடு எளிதில் விளக்க இயலாத உண்மைகள் பல. விருப்பத்தை நிறுவனமே உருவாக்க முடியுமெனில், ஸ்பைடர்-மேன் இல்லாமல் அவர் கதையின் துணை மாந்தர்களை வைத்து அதே நிறுவனம் எடுத்த 'மோர்பியஸ்' (2022), 'மேடம் வெப்' (2024), 'கிரேவன் த ஹன்டர்' (2024) ஆகியவை பெருமளவு விளம்பரம் பெற்றும் மக்களால் ஏன் புறக்கணிக்கப்பட்டன என்பதற்கு விடை வேண்டும். 2018இல் பேசப்பட்ட பெண் வீரர்களின் படம் பல ஆண்டுகள் கடந்தும் திரைக்கு வராத நிலையில், அதன் மீதான எதிர்பார்ப்பை விளம்பரம் ஏதுமின்றி ரசிகர்களே காத்து வந்திருப்பதும் இக்கோட்பாட்டுக்குள் அடங்குவதில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: பிறர் நிலத்தில் வேட்டையாடும் வாசகர்

பிரெஞ்சு அறிஞர் மிஷேல் த செர்த்தோ, வாசகரைப் பிறருடைய நிலத்தில் புகுந்து தமக்கு வேண்டியதை எடுத்துச் செல்லும் வேட்டைக்காரராக 1980இல் வருணித்தார். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் அக்கருத்தை விரித்து, 1992இல் 'டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்' என்ற நூலை எழுதினார். ரசிகர்கள் தமக்குக் கொடுக்கப்பட்ட கதையை அப்படியே ஏற்பதில்லை என்றும், அதில் விடுபட்டவற்றைத் தாமே எழுதியும் வரைந்தும் நிரப்புகின்றனர் என்றும் அவர் காட்டினார். அதே ஆண்டில் ஜான் ஃபிஸ்க், ரசிகரின் ஆக்கத்தை மூன்றாகப் பகுத்தார்: தமக்குள் பொருள் காண்பது, பிறரோடு பேசிப் பகிர்வது, புதிய படைப்பாக வெளியிடுவது. கிளைப்படம் பற்றிய ரசிகர் உரையாடல் இம்மூன்றையும் தொட்டுச் செல்லும் செயல் என்பது தெளிவு.

இந்நிலைப்பாட்டுக்கு ஸ்பைடர்-வெர்ஸ் வரலாற்றிலேயே வலுவான சான்றுகள் உள்ளன. 2014 செப்டம்பரில் ஜேசன் லட்டூர், ராபி ரோட்ரிகஸ் இருவரும் ஒற்றை இதழுக்காகச் சிலந்தி வீராங்கனையாகக் குவென் ஸ்டேசியைப் படைத்தனர். வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த அந்த உடையமைப்பைக் கண்ட ரசிகர்கள் இதழ் கடைக்கு வருமுன்பே அதை வரையவும் தைத்து அணியவும் தொடங்கினர். அந்த வரவேற்பின் அடிப்படையில் 2015 பிப்ரவரியில் அவளுக்குத் தனித் தொடர் தொடங்கப்பட்டது. 2023இல் வந்த திரைப்படத்தின் தொடக்கப் பகுதி முழுவதும் அவளுடைய உலகத்திலேயே நிகழ்கிறது என்பதும், அது ஒரு தனிப்படத்துக்குரிய முழுமையோடு அமைந்திருக்கிறது என்பதும் கருதத்தக்கவை.

மைல்ஸ் மொராலஸின் பிறப்பும் இவ்வாறே பேசப்படுகிறது. 2010இல் நடிகர் டொனால்ட் குளோவரை ஸ்பைடர்-மேனாக நடிக்க வைக்க வேண்டும் என்று ரசிகர்கள் ஓர் இயக்கம் நடத்தினர். அது நிறைவேறவில்லை. 2011இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் மைல்ஸை அறிமுகப்படுத்தியபோது, தொலைக்காட்சியில் குளோவரை ஸ்பைடர்-மேன் உடையில் கண்டது தம் எண்ணத்தை உறுதிப்படுத்தியது என்று பெண்டிஸ் கூறினார். ரசிகர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று, ஆனால் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உறவு இருந்தது.

இவ்வணுகுமுறையின் குறை, அது ரசிகரை எப்போதும் எதிர்த்து நிற்பவராகவும் புதியது படைப்பவராகவும் மட்டுமே காண முனைவதுதான். தமக்குப் பிடிக்காத மாற்றத்தைத் தடுக்க முயலும் ரசிகர்களும் உண்டு. மைல்ஸ் முதலில் அறிமுகமானபோது அவனுடைய நிறத்தைக் காரணம் காட்டி எழுந்த எதிர்ப்பும் ரசிகர் உரையாடலின் பகுதியே. மேலும், ஜென்கின்ஸ் 1992இல் கண்ட ரசிகர்கள் நிறுவனங்களுக்கு அஞ்சி மறைவாக எழுதியவர்கள். இன்றோ நிறுவனங்களே அவர்களை வரவேற்று, விழாக்களுக்கு அழைத்து, அவர்களுடைய பேச்சைக் கணித்துக்கொண்டிருக்கின்றன. வேட்டைக்காரரை நிலத்துக்கு உரியவரே விருந்துக்கு அழைக்கும்போது அந்த உருவகம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மறுபடி சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: உழைப்பும் உரிமையும்

இவ்விடைவெளியிலிருந்தே மூன்றாம் நிலைப்பாடு எழுந்தது. இத்தாலிய ஆய்வாளர் திட்சியானா தெரானோவா, இணையத்தில் மக்கள் விரும்பித் தரும் ஊதியமற்ற உழைப்பு நிறுவனங்களுக்கு மதிப்பாக மாறுகிறது என்று 2000இல் எழுதினார். இதைக் கிளைப்படத்துக்குப் பொருத்திப் பார்ப்போர், ஒரு பாத்திரத்தின் மீது ஆர்வம் குறையாமல் பல ஆண்டுகள் காப்பது, அதன் உலகத்தைப் பற்றிய ஊகங்களை வளர்ப்பது, ஓவியங்களால் அதை நினைவில் நிறுத்துவது ஆகிய யாவும் விளம்பரத் துறை செய்ய வேண்டிய பணிகள் என்றும், அவற்றை ரசிகர்கள் கூலியின்றிச் செய்கின்றனர் என்றும் வாதிடுவர். 'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' கதையைப் பாதியில் நிறுத்துகிறது. அடுத்த பாகமான 'பியாண்ட் த ஸ்பைடர்-வெர்ஸ்' 2024 மார்ச்சில் வருவதாக முதலில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 2027க்குத் தள்ளப்பட்டது. இந்த நெடிய இடைவெளியில் கதையுலகம் மறக்கப்படாமல் இருப்பதற்கு ரசிகர் உரையாடலே பெருங்காரணம்.

சட்டம் இவ்வுழைப்புக்கு இடம் தருவதில்லை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பிலிருந்து பிறக்கும் வழிப்படைப்புகளை உருவாக்கும் உரிமையை உரிமையாளருக்கே ஒதுக்குகிறது. நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கு ரசிகர் புனைவுகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வழக்குக்கு வழக்கு மாறக்கூடியது. 2007இல் தொடங்கப்பட்ட ரசிகர் படைப்புகளுக்கான அமைப்பு ஒன்று உருவாக்கிய 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற சேமிப்பகம் 2019இல் ஹியூகோ விருது பெற்றது. இலக்கிய உலகம் அளித்த இந்த ஏற்பு சட்டத்தின் ஏற்பாக இன்னும் மாறவில்லை.

இங்கும் எதிர்ச்சான்று உண்டு. இரண்டாம் படத்தின் முன்னோட்டத்தைக் கணினியில் லெகோ பொம்மைகளின் வடிவில் தாமே மீட்டுருவாக்கிய 14 வயது கனடாச் சிறுவர் ஒருவரின் திறனைக் கண்ட தயாரிப்பாளர்கள், அப்படத்தில் இடம்பெற்ற லெகோ உலகக் காட்சியை உருவாக்க அவரையே அமர்த்தினர். ரசிகரின் உழைப்பு எப்போதும் சுரண்டலில் முடிவதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் இலட்சக்கணக்கானோருள் ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது.

இந்நிலைப்பாட்டாளர் பலரும் போதிய அழுத்தம் தராத மற்றொரு பக்கம், ஊதியம் பெறும் கலைஞர்களின் உழைப்பு. இரண்டாம் படத்தின் தயாரிப்பில் மிகுந்த வேலைப்பளுவும் ஓயாத திருத்தங்களும் இருந்ததாகவும், ஏறத்தாழ 100 கலைஞர்கள் இடையிலேயே விலகியதாகவும் 'வல்ச்சர்' இதழ் 2023 ஜூனில் எழுதியது. தயாரிப்புத் தரப்பு அக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆறு உலகங்களுக்கு ஆறு ஓவியப் பாணிகள் என்ற அளவில் உழைப்பைக் கோரும் படத்தின் கிளைகளை விரைவாகக் கேட்கும் ரசிகரின் ஆவல், வரைபவரின் தோள் மீதே இறங்குகிறது. ரசிகரை மட்டுமே சுரண்டப்படுபவராகக் காணும் பார்வை இவ்வறச்சிக்கலை மறைத்துவிடும் ஆபத்து உண்டு.

நான்காம் நிலைப்பாடு: கதையும் கதையுலகமும்

மேற்கண்ட மூன்றும் அதிகாரத்தைப் பற்றியவை. நான்காவது, கதைக்கலையைப் பற்றியது. உம்பர்ட்டோ ஈகோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தொடர்ந்து விற்கப்பட வேண்டிய சூப்பர் ஹீரோ வயதாகவும் இயலாது, மணந்து மாறவும் இயலாது என்றும், அதனால் அவரது காலம் ஒவ்வொரு கதையிலும் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புகிறது என்றும் சுட்டினார். இணை உலகங்கள் என்ற உத்தி இச்சிக்கலுக்கு ஒரு தீர்வாகிறது: ஓர் உலகத்தில் ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கர் இறக்கலாம், மற்றொன்றில் நடுவயதில் மணமுறிவுக்கு ஆளாகலாம், இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஜென்கின்ஸ் 2006இல் விரிவாக விளக்கிய ஊடகம் கடந்த கதைசொல்லல், அதாவது ஒரே உலகத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு ஊடகங்கள் சொல்வது, இத்தகைய அமைப்பில் இயல்பாகவே பொருந்துகிறது. 2019இல் வந்த ஸ்பைடர்-ஹாம் குறும்படம், மைல்ஸின் மனப்பதற்றத்தைச் சொல்லி 2023இல் ஆனெசி விழாவில் திரையிடப்பட்ட 'த ஸ்பைடர் விதின்' குறும்படம், முதற்படத்தில் நுவாருக்குக் குரல் கொடுத்த நிக்கோலஸ் கேஜ் நேரில் நடிக்க 2024இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்பைடர்-நுவார்' தொடர் ஆகியவை இவ்வகையில் அமைந்த கிளைகள்.

இக்கிளைகளுக்கு எதிரான வாதம், கதையின் இடைவெளிகளை நிரப்புவது வேறு, புதிய கதை சொல்வது வேறு என்பது. ஒரு துணை மாந்தர் ஈர்ப்பது பெரும்பாலும் அவரைப் பற்றிக் குறைவாகவே சொல்லப்பட்டிருப்பதால்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அந்த ஈர்ப்பே இல்லாமல் போகக்கூடும். அனிமேஷன் வரலாறு இருபக்கமும் சான்று தருகிறது. 2014இல் 'த லெகோ மூவி'யில் துணைப் பாத்திரமாக வந்த பேட்மேனுக்கு 2017இல் எடுக்கப்பட்ட தனிப்படம், தனிமையில் பழகிய ஒருவர் குடும்பத்தை ஏற்க முடியுமா என்ற வினாவைத் தனக்கென எடுத்துக்கொண்டது. 'ஷ்ரெக் 2'இல் அறிமுகமான பூனை வீரனின் 2022ஆம் ஆண்டுப் படம் மரண அச்சத்தை மையமாக்கியது. இவை இரண்டும் மதிக்கப்பட்டன. அதே 2022இல் வெளிவந்த 'லைட்இயர்', நன்கறிந்த பொம்மை ஒன்றின் மூலக்கதையைச் சொல்ல முற்பட்டு, எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. தனக்கே உரிய வினா ஒன்று கிளைப்படத்துக்கு இருப்பதும் இல்லாததும் இவ்வேறுபாட்டை ஓரளவு விளக்குகின்றன என்று கருதலாம். முழுமையாக விளக்குகின்றன என்று சொல்வதற்கு எடுத்துக்காட்டுகள் போதா.

குறிப்பிடத்தக்க செய்தி, 'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' இவ்விவாதத்தைத் தன் கதைக்குள்ளேயே கொண்டுவந்திருப்பது. அதில் மிகெல் ஓ'ஹாரா என்ற தலைவர், ஒவ்வொரு சிலந்தி வீரரின் வாழ்விலும் சில துயர நிகழ்வுகள் நடந்தே தீர வேண்டும், நடக்காவிடில் உலகமே சிதையும் என்று நம்புகிறார். அவற்றுக்கு அவர் சூட்டும் பெயர் 'கேனான் நிகழ்வுகள்'. கேனான் என்பது, எது அதிகாரபூர்வமான கதை என்று ரசிகர்கள் வாதிடும்போது கையாளும் சொல். எழுதப்பட்ட விதியை மைல்ஸ் ஏற்க மறுக்கிறான். கதை மரபைக் காப்பதா, மாற்றுவதா என்று ரசிகர் சமூகத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் வாதம் இங்கே இரு மாந்தரின் மோதலாக உருப்பெற்றிருக்கிறது. அப்படமே திரையரங்குகளில் சிறு வேறுபாடுகளோடு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் ஓடியதை ரசிகர்கள் கண்டறிந்தனர். படைப்பாளர் தரப்பும் அதை ஒப்புக்கொண்டது. அதிகாரபூர்வ வடிவம் ஒன்றே என்ற எண்ணத்தை இது மேலும் தளர்த்தியது.

எவருடைய குரல் கேட்கப்படுகிறது?

ரசிகர் என்று ஒருமையில் பேசுவதே ஏற்கத்தக்கதா என்ற கேள்வியை அண்மைக்கால ஆய்வுகள் எழுப்பியுள்ளன. இந்திய ஆய்வாளர் ருக்மிணி பாண்டே 2018இல் வெளியிட்ட நூலில், ரசிகர் ஆய்வுகள் பெண்களின் ஆக்கத்திறனைக் கொண்டாடியபோதும், இனம், நிறம் சார்ந்த விலக்கல் அச்சமூகங்களுக்குள்ளேயே நிகழ்வதைப் போதிய அளவு காணவில்லை என்று காட்டினார். எந்தத் துணை மாந்தருக்குக் கிளைப்படம் வேண்டும் என்ற பேச்சில் எவர் பெயர் அடிக்கடி எழுகிறது, எவர் பெயர் எழுவதில்லை என்பதை இக்கண்ணோட்டத்தில் ஆராய வேண்டும்.

இதற்குப் பவித்ர் பிரபாகர் பொருத்தமான சான்று. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் 2004இல் படைத்த இந்திய ஸ்பைடர்-மேன், நான்கு இதழ்களோடு நின்றுபோன பாத்திரம். 2023 படத்தில் மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்' நகரத்தின் வீரனாக அவன் மீண்டும் வந்தான். கதையின் திருப்பமும் அங்கேயே நிகழ்கிறது: காவல் ஆய்வாளர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றுவதாலேயே அவ்வுலகம் சிதையத் தொடங்குகிறது. இந்தியாவில் அப்படம் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வெளியிடப்பட்டதற்கு இப்பாத்திரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எனினும் கிளைப்படங்களாக அறிவிக்கப்பட்டவற்றிலும் செய்திகளில் அடிபட்டவற்றிலும் குவெனும் நுவாரும் ஹோபி பிரவுன் என்ற பங்க் இசைக்கலைஞனும் முன்னிற்க, பவித்ர் பின்தங்கியே இருக்கிறான். அவன் திரையில் தோன்றும் நேரம் குறைவு என்பதால் இது நேர்ந்ததா, அவனை விரும்பும் மக்களின் குரல் முடிவெடுக்கும் இடத்துக்கு எட்டாததால் நேர்ந்ததா என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியது.

ரசிகர் ஆய்வின் கோட்பாடுகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் சூழலில் உருவானவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. தென்னிந்தியத் திரைப்பட ரசிகரைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன், சாரா டிக்கி, எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் ஆகியோர் செய்த ஆய்வுகள், நடிகரை மையமாகக் கொண்ட அரசியல், சமூகப் பிணைப்பை விளக்குகின்றன. அனிமேஷனில் நடிகரின் உடல் திரையில் இல்லை. பிணைப்பு முழுவதும் பாத்திரத்தோடும் அதன் உலகத்தோடும் ஏற்படுகிறது. இவ்விரு வகை ரசனைகளும் ஒரே பார்வையாளரிடம் எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பது குறித்து விரிவான ஆய்வு தேவைப்படுகிறது.

அளவிடுவதிலுள்ள சிக்கல்

ரசிகர் விருப்பம் முக்கியமானது என்று ஏற்றுக்கொண்டாலும், அதை எப்படி அறிவது என்பது தனிச்சிக்கல். 'மோர்பியஸ்' படத்தைக் கேலி செய்து இணையத்தில் பெருகிய மீம்களின் அலைக்கிடையே, அது 2022 ஜூனில் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டது. வசூலோ ஏறத்தாழ 3 இலட்சம் டாலர் மட்டுமே. பேச்சின் அளவு விருப்பத்தின் அளவாகாது என்பதை இது உணர்த்தியது. மறுபக்கம், 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் ஸாக் ஸ்னைடர் வடிவத்தைக் கேட்டு 2017 முதல் நடந்த இயக்கம் 2021இல் வெற்றி பெற்றது. ஆனால் அவ்வியக்கத்தில் பங்கேற்ற கணக்குகளில் குறிப்பிடத்தக்க பங்கு போலியானவை என்று 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2022இல் எழுதியது. 1988இன் தொலைபேசி வாக்கெடுப்பு எழுப்பிய ஐயம், கருவி மாறியும் தீராமலே இருக்கிறது.

மதிப்பீடு

இதுவரை கண்ட நிலைப்பாடுகளை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதியைப் பிடித்திருப்பது புலனாகிறது. கிளைப்படம் என்ற எண்ணம் பல வேளைகளில் நிறுவனத்திடமிருந்தே பிறக்கிறது என்பதில் அடோர்னோ வழியினர் தவறவில்லை. ஆயினும் எந்தக் கிளை வேர்பிடிக்கும் என்பதை நிறுவனத்தால் கட்டளையிட இயலவில்லை என்பதைக் குவென் ஸ்டேசியின் வெற்றியும் 'மோர்பியஸ்' போன்றவற்றின் தோல்வியும் சேர்ந்து காட்டுகின்றன. ரசிகரின் உழைப்பு மதிப்பை உருவாக்குகிறது என்பது உறுதி. அதற்கு உரிய ஈடு எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

இவை அனைத்திலிருந்தும் ஒரு முடிவைத் தயக்கத்தோடேனும் முன்வைக்கலாம். ரசிகர் உரையாடலைச் சந்தைக் கணிப்பாகவோ வாக்கெடுப்பாகவோ கொள்ளும்போது அது பலமுறை பிழையான விடை தந்திருக்கிறது. அதனைத் திறனாய்வாகக் கொள்ளும்போது அதன் பயன் வெளிப்படுகிறது. எந்தத் துணை மாந்தரிடம் இன்னும் சொல்லப்படாத வலியும் தீராத வினாவும் எஞ்சியிருக்கின்றன, எந்த உலகம் அலங்காரமாக மட்டுமே நிற்கிறது, எவருடைய வாழ்க்கை மேலோட்டமாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பவற்றை ஒரு படத்தைப் பலமுறை பார்த்துக் கூடிப் பேசும் மக்கள் நுட்பமாகக் கண்டறிகின்றனர். அவர்கள் கேட்கும் படம் கிடைப்பதைவிட, அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதைப் படைப்பாளர் உணர்வதே கதைக்கு நன்மை செய்திருக்கிறது. மைல்ஸ் மொராலஸின் தோற்றம் இதற்குப் போதிய சான்று.

திறந்தே இருக்கும் வினாக்கள் மூன்று. உண்மையான விருப்பத்தைப் பெருக்கப்பட்ட இரைச்சலிலிருந்து பிரித்தறியும் நம்பகமான வழி இன்னும் கிடைக்கவில்லை. ரசிகரின் ஆக்கத்துக்கும், அதைவிட முதன்மையாக வரைகலைஞரின் உழைப்புக்கும் உரிய மதிப்பளிக்கும் ஏற்பாடு உருவாகவில்லை. ஆங்கிலத்தில் பேசாத, அமெரிக்காவில் வாழாத பெருந்திரளான பார்வையாளரின் கருத்து இவ்விவாதத்தில் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. இம்மூன்றாம் குறையை நீக்குவதில் இந்திய மொழிகளில் எழுதும் ஆய்வாளர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு. சூப்பர் ஹீரோ அனிமேஷன் படங்களைச் சிறுவர் பொழுதுபோக்கென்று ஒதுக்காமல், அவற்றைப் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சைத் தொகுத்து ஆராயும் பணியை அவர்கள் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும்.